கூவிவிட்டுக் காதுகொடுப்பது

(கல்லூரி அறிவியல் மன்றக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மூணாறுக்குச் சுற்றுலா போனவர்கள் அங்குள்ள எக்கோ பாயின்ட்டில் தொண்டை கிழியக் கத்திவிட்டு வந்திருப்பீர்கள். கத்தி முடித்ததும் வாயை மூடிக்கொண்டு ஒரு கணம் அசையாமல் நின்றீர்கள் அல்லவா? இன்று நான் பேச வந்தது அந்தக் கணத்தைப் பற்றி. எதிரொலியை வைத்து ஒன்றை அறிந்துகொள்ள வேண்டுமானால், ஒலி எழுப்புவது சுலபமான வேலை. போன ஒலி மெலிந்து திரும்பி வரும்போது, சொந்தக் குரலே அதை அமுக்கிவிடாமல் காத்துக் கேட்பதுதான் பெரும்பாடு. வௌவாலின் திறமையும், மீன்பிடிப் படகிலுள்ள கருவியின் திறமையும், ஸ்கேன் மெஷினின் திறமையும் அங்கேதான் இருக்கின்றன.

முதலில் பள்ளிக்கூடக் கணக்கு. 20 டிகிரி வெப்பத்தில் காற்றில் ஒலி ஒரு வினாடிக்கு 343 மீட்டர் போகிறது. நம் ஊர் வெயிலில் 350ஐ ஒட்டி இருக்கும். ஓர் ஒலி கேட்டபின் பத்தில் ஒரு வினாடியாவது இடைவெளி இருந்தால்தான் அடுத்த ஒலியை நம் காது தனியாகப் பிரித்துக் கேட்கும். அந்த நேரத்தில் ஒலி 34 மீட்டர் போய்விடும்; போக ஒரு பாதி, வர ஒரு பாதி. ஆகவே சுவர் 17 மீட்டர் தள்ளியாவது இருக்க வேண்டும். அதற்குக் கிட்டே இருந்தால் திரும்பி வரும் ஒலி நம் பேச்சோடு ஒட்டிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் மைக்கில் யாராவது வாழ்த்திப் பேசும்போது ஒரு சொல்லும் பிடிபடாமல் போவது இதனால்தான். வழவழப்பான சுவர், கல் தரை, உயரமான கூரை எல்லாம் ஒலியைத் திருப்பித் திருப்பி அனுப்ப, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிக்கொள்கிறது. இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர். பந்தி முடிந்து கூட்டம் கலைந்த மண்டபத்தில் இது இன்னும் மோசமாகும், ஒலியை உறிஞ்ச உடுப்பும் உடம்பும் இல்லாததால்.

பதினேழு மீட்டர் என்பது நம் காதின் எல்லை. இயற்கை போட்ட கோடு இல்லை. ஒரு வௌவாலுக்கும் அதன் இரைக்கும் நடுவே 17 சென்டிமீட்டர் தூரம் இருக்கும்போது, எதிரொலி ஆயிரத்தில் ஒரு வினாடியில் திரும்பி வந்துவிடுகிறது. அதையும் அது பிரித்துக் கேட்கிறது. இதை மனிதர் கண்டுபிடிக்க ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் பிடித்தன. அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1793இல் இத்தாலியின் பவியா நகரில் லாசரோ ஸ்பல்லன்சானி என்ற பாதிரியார் இருந்தார். இயற்கை ஆய்வில் அன்றைய ஐரோப்பா மதித்த பெயர் அது. அவர் வளர்த்த ஆந்தை, மெழுகுவர்த்தி அணைந்ததும் அறைக்குள் மோதித் தடுமாறியது. அதே இருட்டில் வௌவால்கள் எதிலும் இடிக்காமல் பறந்தன. கண்ணால் பார்க்கவில்லை என்றால் எதனால்? பேராலய மணிக்கூண்டில் வௌவால்களைப் பிடித்துக் கண்களைக் கெடுத்துப் பறக்கவிட்டார். சில நாள் கழித்து அவற்றில் நான்கை மறுபடி பிடித்து வயிற்றைப் பிளந்து பார்த்தார். பார்வையுள்ள வௌவால்களைப் போலவே வயிறு நிறையப் பூச்சிகள். படிக்கும்போது மனம் கூசுகிறது. இன்று எந்த ஆய்வுக்குழுவும் இதற்கு அனுமதி தராது. ஆனால் அவர் கேட்ட கேள்வி சரியான கேள்வி.

அடுத்த ஆண்டு ஜெனீவாவில் லூயி ஷுரின் என்ற அறுவை மருத்துவர் வௌவால்களின் காதை அடைத்தார். அவ்வளவுதான், பறந்தவை எல்லாம் எதிர்ப்பட்டதில் மோதி விழுந்தன. ஸ்பல்லன்சானி உடனே நம்பிவிடவில்லை. காதுக்குள் ஏதோ திணித்த வலியால்கூட அவை தடுமாறலாம் அல்லவா? அதனால் சின்னஞ்சிறு பித்தளைக் குழாய்களைச் செய்து காதில் பொருத்தினார். குழாய் திறந்திருந்தபோது வௌவால் நன்றாகப் பறந்தது. அதே குழாயை அடைத்தபோது மோதியது. இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஓர் ஒப்பீட்டுச் சோதனையை யோசித்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது. வௌவாலுக்கு வழிகாட்டுவது காது என்பது உறுதியாயிற்று. ஆனால் அறையிலோ ஒரு சத்தமும் இல்லை. காது எதைக் கேட்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. 1799இல் அவர் இறந்தார். பாரிஸின் புகழ்பெற்ற விலங்கியலாளர் ஜார்ஜ் குவியே, வௌவால் தொடுவுணர்ச்சியால்தான் வழி அறிகிறது என்றார். பெரியவர் சொல்லிவிட்டார் என்று அடுத்த நூறு ஆண்டுகளுக்கு உலகம் அதையே நம்பியது.

1912இல் டைட்டானிக் மூழ்கியது. பனிப்பாறையை இருட்டில் முன்கூட்டியே அறிய வழி தேடியவர்களில் ஒருவர், இயந்திரத் துப்பாக்கியைச் செய்த ஹைரம் மாக்சிம். வௌவால் தன் சிறகடிப்பின் தாழ்ந்த ஒலி திரும்புவதை உணர்கிறது, கப்பலும் அப்படிச் செய்யலாம் என்றார். ஒலியைத் தொட்டுவிட்டார், ஆனால் தவறான பக்கத்தில் தேடினார். 1920இல் இங்கிலாந்தின் ஹாமில்டன் ஹார்ட்ரிட்ஜ், வௌவாலின் ஒலி நம் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கலாம் என்று எழுதினார். நிரூபிக்க அவரிடம் கருவி இல்லை. கருவி இருந்தது ஹார்வர்டில், ஜி. டபிள்யூ. பியர்ஸ் என்ற இயற்பியல் பேராசிரியரிடம். அவர் பூச்சிகளின் ஒலியை ஆராயச் செய்திருந்த அந்தப் பெட்டி, நம் காதுக்கு எட்டாத மீயொலியை நாம் கேட்கும் அளவுக்குத் தாழ்த்தித் தரும். 1938இல் டொனால்ட் கிரிஃபின் என்ற மாணவர் வௌவால் கூண்டோடு அங்கே போய் நின்றார். கூண்டை முன்னே வைத்ததும் பெட்டியிலிருந்து படபடவென்று ஒரே சத்தம். ஊமை என்று நினைத்திருந்த பிராணி ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது!

கிரிஃபினும் அவருடைய நண்பர் ராபர்ட் கலம்பாஸும் அதன்பின் அறையில் வரிசையாகக் கம்பிகளைத் தொங்கவிட்டு வௌவால்களைப் பறக்கவிட்டார்கள். காதை அடைத்தால் மோதின. வாயைக் கட்டினாலும் மோதின. ஸ்பல்லன்சானிக்குக் கிடைக்காமல் போனது இந்த வாய்தான். 1944இல் கிரிஃபின் இதற்கு எதிரொலி இடமறிதல் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

நம்மில் யாருக்கும் கேட்காத உயரத்தில் அது ஏன் கத்த வேண்டும்? குளத்தில் பெரிய அலை வரும்போது பாருங்கள். நடுவில் நிற்கும் நாணல் தண்டை அந்த அலை கண்டுகொள்வதே இல்லை, சுற்றிக்கொண்டு போய்விடும். படித்துறைச் சுவரில் பட்டால் திரும்பி வரும். தன் நீளத்துக்கு ஏறத்தாழ ஒத்த, அல்லது அதைவிடப் பெரிய பொருள் குறுக்கே இருந்தால்தான் அலை நன்றாகத் திரும்பும். ஒலிக்கும் இதே விதிதான். 500 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர்; ஒரு விட்டில் பூச்சி அதற்கு நாணல் தண்டு. 50 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 7 மில்லிமீட்டராகக் குறைகிறது. இப்போது விட்டில் ஒரு சுவர். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். பெரும்பாலான வௌவால்கள் 20 முதல் 120 கிலோஹெர்ட்ஸ் வரை கத்துகின்றன. இதற்கு ஒரு விலையும் உண்டு. அதிர்வெண் ஏற ஏறக் காற்று ஒலியை வேகமாக விழுங்கிவிடும். அதனால்தான் வௌவாலுக்கு ஒரு சிறு பூச்சி சில மீட்டர் தூரத்துக்குள் வந்தால்தான் தெரிகிறது. நுணுக்கம் வேண்டுமென்றால் தூரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். இந்தப் பேரத்தைக் கடலிலும் மருத்துவமனையிலும் மறுபடி பார்ப்போம்.

இப்போது கேட்கும் பக்கத்துக்கு வருகிறேன். ஒரு வௌவாலின் வாய்க்கு அருகே அதன் குரல் 110 டெசிபெலைத் தாண்டுகிறது. நமக்குக் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருப்போம். அப்படிக் கத்தும் பிராணி, அடுத்த சில மில்லி வினாடிகளில் பூச்சியின் இறக்கையில் பட்டு வரும் மிக மெல்லிய ஒலியைக் கேட்டாக வேண்டும். நடுச்செவியில் அங்கவடி எலும்பைப் பிடித்திருக்கும் சிறு தசை ஒன்று உண்டு. கத்துவதற்குச் சற்று முன் அந்தத் தசை இறுகி, ஒலி உள்ளே போவதைக் குறைக்கிறது. கத்தி முடித்ததும் தளர்கிறது, எதிரொலி வரும் நேரத்துக்குக் காது திறந்துவிடுகிறது. ஒவ்வொரு கூவலுக்கும் இப்படி. தேடும்போது வினாடிக்குப் பத்து முறை போலக் கூவும். இரை தெரிந்ததும் வேகம் கூடிக்கொண்டே போய், கவ்வும் நேரத்தில் வினாடிக்கு 150, 200 என்று எட்டும். கிட்ட நெருங்க நெருங்கக் கூவலின் நீளத்தையும் சுருக்கிக்கொள்கிறது. குரல் முடிவதற்குள் எதிரொலி வந்துவிட்டால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடும் அல்லவா?

குதிரைலாட வௌவால்கள் இதற்கு வேறு வழி கண்டிருக்கின்றன. அவை ஒரே சுருதியில் நீளமாகக் கூவும். எதிரொலி நடுவிலேயே வந்து மேலே விழும். ஆனாலும் குழப்பம் இல்லை. நம்மை நோக்கி வரும் ரயிலின் ஹாரன் சுருதி ஏறிக் கேட்பதைப் போல, பறக்கும் வௌவாலுக்கு எதிரொலியும் சுருதி ஏறி வருகிறது. டாப்ளர் விளைவு. எவ்வளவு ஏறும் என்று கணித்தாற்போல அவ்வளவுக்குத் தன் குரலை முன்கூட்டியே இறக்கிக் கூவுகிறது அந்த வௌவால். ஐரோப்பாவின் பெரிய குதிரைலாட வௌவாலுக்குக் காது மிகக் கூர்மையாக இருப்பது 83 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையில். எதிரொலி சரியாக அந்தப் பட்டையில் வந்து விழும். தன் சொந்தக் குரல் அதற்குச் சற்றுக் கீழே, காது மந்தமாக இருக்கும் இடத்தில் நின்றுவிடும். 1968இல் ஜெர்மானியர் ஹான்ஸ்-உல்ரிச் ஷ்னிட்ஸ்லர் இதை வெளியிட்டார். நேரத்தால் பிரிக்க முடியாததைச் சுருதியால் பிரித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டைப்போல இயற்கையில் அழகானது இன்னொன்றை நான் படித்ததில்லை.

இந்த ஆராய்ச்சியில் மதுரைக்குப் பெருமையான ஒரு பங்கு உண்டு, அதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம். கே. சந்திரசேகரன் தலைமையில் 1970களிலிருந்து வௌவால் ஆய்வு வளர்ந்தது. ஜெர்மனியின் கெர்ஹார்ட் நாய்வைலர் அங்கே வந்து இணைந்து பணியாற்றினார். 1987இல் நாய்வைலரும் ஜி. மாரிமுத்துவும் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகப் பிடித்தது. மெகாடெர்மா லைரா என்று நம் பக்கத்தில் ஒரு வௌவால் உண்டு. இரு காதுகளும் பெரிதாக, தலைக்கு மேல் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். தவளை, எலி, பல்லி தின்னும். தவளை தரையில் அசைந்தபோது இந்த வௌவால் பாய்ந்து பிடித்தது. அசையாமல் இருந்த தவளையைக் கண்டுகொள்ளவில்லை. செத்த தவளையைத் தரையில் இழுத்தபோதும் பாய்ந்தது. அதே செத்த தவளையை ஈரக் கண்ணாடித் தகட்டின் மேல் சத்தமில்லாமல் நகர்த்தியபோது வௌவால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதாவது அந்தச் சோதனையில் அதற்கு வழிகாட்டியது தவளை எழுப்பிய சரசரப்பு. குப்பையும் சருகும் கிடக்கும் தரையில் எதிரொலிகள் ஒன்றோடொன்று கலங்கிப்போகும். அங்கே இரையின் சத்தமே நல்ல துப்பு. பின்னால் நடந்த ஆய்வுகளில், அசையாத இரையையும் இந்த வௌவால் எதிரொலியால் கண்டுபிடிக்கிறது என்பது தெரியவந்தது. இரண்டு வழியும் அதன் கைவசம் இருக்கிறது.

எல்லா வௌவால்களும் எதிரொலியை நம்புபவை அல்ல. தமிழ்நாட்டில் சில ஊர்களில் ஆலமரத்து வௌவால்களுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்கள். அவை பழந்தின்னிகள், பெரிய கண்ணாலும் மூக்காலும் வழி அறிபவை, எதிரொலி பார்ப்பவை அல்ல. அந்த ஊர்க்காரர்களின் மனசுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை.

வேட்டையாடப்படும் பூச்சியும் சும்மா இருக்கவில்லை. பல விட்டில்களுக்கு வௌவாலின் குரலைக் கேட்கும் காது உண்டு. கேட்டதும் மடங்கிக் கீழே விழுந்து தப்பும். சில புலி விட்டில்கள் தாமே மீயொலிச் சொடுக்குகளை எழுப்பி, வௌவால் தன் எதிரொலியைக் கேட்க முடியாமல் குழப்புகின்றன.

கடலுக்கு வருவோம். டைட்டானிக் மூழ்கிய சில வாரங்களிலேயே லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் நீருக்கடியில் எதிரொலியால் பனிப்பாறையை அறியும் முறைக்குக் காப்புரிமை கேட்டார். 1914இல் ரெஜினால்ட் ஃபெஸ்ஸன்டன் என்ற கண்டுபிடிப்பாளர், தான் செய்த அதிர்வுக் கருவியால் ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்துப் பனிப்பாறையிலிருந்து எதிரொலியைக் கேட்டார். ஆனால் அது கேட்கும் ஒலி. அலைநீளம் இரண்டு மூன்று மீட்டர். நீர்மூழ்கிக் கப்பலைத் தேட அது போதாது. முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் போல் லான்ஜெவன் என்ற இயற்பியலாளர் குவார்ட்ஸ் படிகத்தை எடுத்தார். 1880இல் க்யூரி சகோதரர்கள் கண்டறிந்த பண்பு அதில் இருக்கிறது: அழுத்தினால் மின்னழுத்தம் தரும். இந்தப் பண்பு திருப்பியும் வேலை செய்யும். மின்சாரம் கொடுத்தால் அதிரும். ஆக ஒரே படிகம் கூவவும் செய்யும், கேட்கவும் செய்யும். இன்றுள்ள மீயொலிக் கருவிகளில் பெரும்பாலானவை அந்தப் படிகத்தின் வாரிசுகள்.

நம் மீனவர்கள் எக்கோ என்று சொல்லும் படகுக் கருவியில் வழக்கமாக இரண்டு அதிர்வெண்கள் இருக்கும், 50 கிலோஹெர்ட்ஸும் 200 கிலோஹெர்ட்ஸும். ஆழக்கடலுக்கு முதலாவது, கரைக்கடலில் நுணுக்கமாகப் பார்க்க இரண்டாவது. நான் சொன்ன பேரம் இதுதான். நீரும் மீனின் சதையும் ஒலிக்கு ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால், திரையில் பளிச்சென்று தெரிவது பெரும்பாலும் மீனுக்குள் இருக்கும் காற்றுப்பை. சுறாவுக்கு அது இல்லை. அதன் எதிரொலி மங்கல். இரண்டாம் உலகப் போரில் சோனார் என்ற நீரடி எதிரொலிக் கருவிகள் ஆழ்கடலில், தரையே இல்லாத இடத்தில், சில நூறு மீட்டர் ஆழத்திலேயே ஒரு தரையைக் காட்டின. அந்தத் தரை பொழுது சாய்ந்ததும் மேலே ஏறியது, விடிந்ததும் இறங்கியது. உண்மையில் அது கோடிக்கணக்கான சிறு மீன்களும் பிற உயிர்களும் நாள்தோறும் இரைக்காக ஏறி இறங்கும் படலம்.

போருக்குப் பின் இந்தத் தொழில்நுட்பம் தொழிற்சாலைக்குப் போனது. உலோகத்தில் உள்ளே விரிசல் இருந்தால் அதில் பட்டு எதிரொலி திரும்பும். நம் ரயில் பாதையில் சிறு தள்ளுவண்டியைத் தண்டவாளத்தின் மேல் உருட்டிக்கொண்டு போகும் ஊழியர்களைக் கவனித்திருக்கிறீர்களா? வண்டியிலிருந்து தண்டவாளத்தில் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கும். கருவிக்கும் இரும்புக்கும் நடுவில் காற்று புகுந்துவிடாமல் இருக்கத்தான் அந்தத் தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத விரிசலை அவர்கள் கண்டுபிடிப்பதால்தான் நாம் ராத்திரி வண்டியில் நிம்மதியாகத் தூங்குகிறோம்.

இந்த விரிசல் தேடும் கருவியிலிருந்து மருத்துவ ஸ்கேன் வளர்ந்தது. 1953இல் ஸ்வீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் அந்தத் தொழிற்சாலைக் கருவியை இரவல் வாங்கி இதயத்தைப் பார்த்தார்கள். இன்று மருத்துவமனையில் எடுக்கும் எக்கோ அங்கே பிறந்தது. 1955இல் கிளாஸ்கோவின் மகப்பேறு மருத்துவர் இயன் டொனால்ட், அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கொதிகலன் தொழிற்சாலைக்குப் போனார். ஒப்பிட்டுப் பார்க்க அங்கே ஒரு மாட்டிறைச்சித் துண்டும் வைத்திருந்தார்கள். நீர்க்கட்டியும் தசைக்கட்டியும் வேறு வேறு எதிரொலி தந்தன. 1958இல் அவரும் சகாக்களும் லான்செட் இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். வயிற்றில் தீராத புற்று என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணுக்கு, இருந்தது சினைப்பை நீர்க்கட்டிதான் என்று இந்த முறையால் தெரிந்தது. அவர் பிழைத்தார்.

ஸ்கேன் அறையில் நடப்பதைப் பாருங்கள். "தண்ணி நிறையக் குடிச்சிட்டு வாங்கம்மா, யூரின் போயிடாதீங்க" என்பார்கள். நிறைந்த சிறுநீர்ப்பை, காற்று நிரம்பிய குடலை ஒதுக்கிவிட்டு ஒலிக்கு நல்ல வழி தருகிறது. அடுத்து, வயிற்றில் சில்லென்று ஜெல் தடவுவார்கள். அது இல்லாவிட்டால் தோலுக்கும் கருவிக்கும் நடுவிலுள்ள மெல்லிய காற்றுப் படலமே ஒலியை ஏறக்குறைய முழுதாகத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே எதுவும் போகாது. ரயில் தண்டவாளத்துத் தண்ணீரின் வேலைதான் இது.

உடம்பின் மென்திசுவில் ஒலி வினாடிக்கு 1540 மீட்டர் போகிறது. ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 13 மைக்ரோ வினாடி. 15 சென்டிமீட்டர் ஆழம் வரை பார்க்க ஏறத்தாழ 200 மைக்ரோ வினாடி. இதில் படிகம் கூவுவது ஒரு மைக்ரோ வினாடி அளவுக்குத்தான். மீதி நேரம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆழத்திலிருந்து வரும் எதிரொலி மெலிந்திருக்கும் என்பதால், பிந்தி வருவதை அதிகமாகப் பெருக்கிக்கொள்கிறது மெஷின்; வௌவாலின் காதுத் தசை கூவியபின் தளர்ந்து கொடுப்பதை இது மின்சாரத்தில் செய்கிறது. வயிற்றுக்கு 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ், தைராய்டு போன்ற மேலாக இருக்கும் உறுப்புக்கு 10ஐ ஒட்டி. மறுபடி அதே பேரம். கர்ப்பிணிகளுக்கு டாப்ளர் கருவியில் கேட்கும் குழந்தையின் இதயத் துடிப்பும் இதயம் எழுப்பும் ஒலி அல்ல. அசையும் இதயத்தில் பட்டு வந்த மீயொலியின் சுருதி மாற்றம். அந்த வேறுபாடு நல்வாய்ப்பாக நம் காது கேட்கும் எல்லைக்குள் விழுகிறது. அதைக் கேட்ட தாயின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த விளக்கத்தால் அதன் மதிப்பு குறையாது.

இதே கருவியைக் கொண்டு, பெண் என்று தெரிந்து கருவை அழித்தார்கள் என்பதையும் இங்கே சொல்லாமல் போகக் கூடாது. பெண் சிசுக்களைக் காக்க 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த மாநிலம் நம்முடையது. 1994இல் வந்த மத்தியச் சட்டம் கருவின் பாலினம் சொல்வதைக் குற்றமாக்கியது. ஸ்கேன் மையங்களின் வாசலில் அந்த அறிவிப்புப் பலகை இன்னமும் தேவைப்படுகிறது என்பது நமக்கு அவமானம். இளைஞர்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கடைசியாக மனிதரின் காது. பார்வையற்றோர் சிலர் எதிரே இருக்கும் பொருளைத் தொடாமலே உணர்வதை 1749இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதெரோ எழுதினார். முகத்தில் ஏதோ படுவதுபோல் இருக்கிறது என்றுதான் அவர்களும் நெடுநாள் சொல்லிவந்தார்கள். 1940களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தார்கள். முகத்தை மூடியபோதும் தடையை உணர்ந்தார்கள். காதை அடைத்ததும் போய் மோதினார்கள். ஷுரினின் முடிவேதான். கண்ணைக் கட்டிக்கொண்ட பார்வையுள்ளவர்களும் பயிற்சியால் இதைக் கற்றார்கள். 2011இல் கனடாவில் நடந்த ஆய்வில், நாக்கைச் சொடுக்கி வழி அறியும் பார்வையற்ற இருவர் எதிரொலியைக் கேட்டபோது, மூளையில் பார்வைக்கு உரிய பகுதி வேலை செய்வது தெரிந்தது.

இதை இன்று வீட்டில் நீங்களே செய்து பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீராகச் சொல்லுங்கள். வேறொருவர் ஒரு சாப்பாட்டுத் தட்டை உங்கள் முகத்தருகே கொண்டுவந்து விலக்கட்டும். எப்போது வந்தது, எப்போது போனது என்று உங்களுக்கே தெரியும். பிறகு தட்டுக்குப் பதில் தலையணையை வைத்துப் பாருங்கள், வித்தியாசம் புரியும். அறையில் மின்விசிறியை மட்டும் நிறுத்திவிடுங்கள், அதன் இரைச்சல் காரியத்தைக் கெடுத்துவிடும்.

இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.